முதல் படகோட்டிச் சான்றிதழ்

தாமரைத்தாங்கல் வாரியக் குடியிருப்பில் புகுந்த தண்ணீர் மூன்று வருஷமாக வடியவில்லை. மூன்று வருஷம் வடியாத தண்ணீர் சட்டப்படி ஏரி. ஆகவே ஒரு புதன்கிழமை காலை அதை ஏரி என்று அறிவித்தார்கள். ஏரியில் போகிற எல்லோரும் உல்லாசப் படகோட்டிகள். உல்லாசப் படகோட்டிகளுக்குப் பாதுகாப்பு அட்டை வேண்டும்.

அறிவிப்பு வந்த நேரத்தில் யுவராணி கரையில் இருந்தாள். ரேஷன் வாங்க வந்திருந்தாள். அவள் அம்மா அமுலு பதினேழாம் பிளாக்கில், மூன்றாவது மாடியில் இருந்தாள். அறிவிப்பு இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது.

யுவராணி வந்த தெர்மாகோல் தெப்பத்தைக் காவலர் பறிமுதல் செய்தார். நான்காக உடைத்து, நான்கு துண்டுக்கும் தனித்தனியாக ரசீது கொடுத்தார்.

"நீந்திப் போகலாமா சார்?"

"நீந்தினா மீன் கணக்கு. அது வேற ஆபீஸ்."

முன்பு அவர்கள் ஆற்றங்கரையில் இருந்தார்கள். வெள்ளம் வந்தால் ஆபத்து என்று அதிகாரிகள் எல்லோரையும் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கே வெள்ளம் வந்தது. லாரி வரவில்லை.

எட்டு மாடிக் கட்டடத்தில் இப்போது அமுலு ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், மாறுதல் ஆகிவிட்டார்கள் என்றார்கள். எங்கே மாறுதல் என்று கேட்டால், மாறுதலுக்கு என்றார்கள்.

யுவராணி போன் போட்டாள்.

"இன்னாடி, சக்கர போட்டானா?" என்றாள் அமுலு.

"போட்டான்மா. என்னத்தான் வர வுட மாட்டேன்றானுங்க."

"யாரு?"

"உல்லாசத் துறை."

"அது இன்னாடி தொற? புச்சா கீது."

"தண்ணி எங்கமா நிக்குது?"

"வாசலாண்ட. இந்த வாரமா நெதம் ஒரு படி ஏறுது. இன்னிக்கு காலைல மட்டும் ரெண்டு ஏறிச்சு. நீ பதறாத, சாப்டு வா."

சாப்பிட்டுவிட்டு வர நேரமில்லை. யுவராணி உல்லாசத் துறை அலுவலகத்துக்கு நடந்தாள்.

அலுவலகம் ஒரே ஒரு வராந்தா. கடைசியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கோதண்டம் என்ற எழுத்தர். சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார். கழுத்தில் விசில். மேஜையிலோ தரையிலோ ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

வரிசையில் யுவராணிக்கு முன்னால் ஒரே ஆள்தான். பக்கத்து பிளாக் எத்திராஜ். ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோ இரண்டு வருஷமாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது.

"இன்னாமா யுவராணி, பி.எஸ்சி. படிச்சவங்களுமா லைன்ல?" என்றார். "உள்ள இட்டுகினு போயி காப்பி குடுப்பாங்கன்ல நெனச்சேன்."

"கெமிஸ்ட்ரிணா. தண்ணியில இன்னா இருக்குன்னு சொல்லத் தெரியும். தாண்டத் தெரியாது."

எத்திராஜ் படிவத்தைக் கொடுத்தார். கோதண்டம் படித்தார். ஆட்டோக்காரர் பழக்கம், எத்திராஜ் எந்தத் தாளிலும் முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதிவிடுவார். முதல் கட்டம் கலத்தின் பெயர், அதாவது படகின் பெயர். நீளம் என்ற இடத்தில் ஐந்தடி ஆறங்குலம். பழுது என்ற இடத்தில் எப்போதாவது முதுகு வலி.

"பதிவு ஆயிடுச்சு," என்றார் கோதண்டம்.

"அட்டை, சார்?"

"படகுக்கு எதுக்கு அட்டை? ஓட்டுறவருக்குத்தான் அட்டை."

இரண்டு பேர் வந்தார்கள். எத்திராஜின் இரண்டு தோளிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதினார்கள். எழுத்து மூன்றங்குல உயரம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தார்கள். பிறகு படித்துறைக்குக் கொண்டுபோய் மல்லாக்கத் தண்ணீரில் இறக்கிக் கயிற்றால் கட்டினார்கள். எத்திராஜ் மிதந்தார்.

"ஒண்ணியும் இல்லமா," என்று அங்கிருந்து கத்தினார். "முதுகு மட்டும் ஜில்லுனு கீது."

யுவராணி ஜன்னலுக்கு வந்தாள்.

"நோக்கம்?"

"எங்கம்மாவக் கூட்டிட்டு வரணும் சார். தண்ணி ஏறுது."

கோதண்டம் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நோக்கம் என்பதற்கு எதிரே ஒரே ஒரு கட்டம். அதில் உல்லாசம் என்று அச்சடித்திருந்தது.

"டிக் பண்ணுங்க."

"இது உல்லாசமா சார்? மூணு வருஷமா கக்கூஸ் தண்ணியில வாழறோம், இது உல்லாசமா?"

வராந்தா பத்தடி நீண்டது. யுவராணி நின்ற இடத்திலேயே நின்றாள். ஜன்னல் பின்னால் போனது.

"கோபப்படாதீங்க," என்றார் கோதண்டம் தூரத்திலிருந்து. "வராந்தா நீளுது."

யுவராணி பத்தடி நடந்து போய் டிக் செய்தாள். அவளுக்குக் கோபம் வராத நாள் கிடையாது. கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு விலாசம் கேட்டபோது வந்தது. வேலைக்கு நேர்முகம் போனபோது, நீங்க அந்தக் குடியிருப்பா என்று கேட்டபோது வந்தது. வந்த கோபத்தையெல்லாம் இங்கே காட்டினால் ஜன்னல் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பிறந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து ரெண்டு."

"எழுபத்தெட்டுக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு அட்டை தேவையில்ல. உங்க அம்மா?"

"எழுபத்தாறு."

"அப்ப பிரச்சினையே இல்லையே. அவங்களே ஒரு படகு எடுத்துட்டு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போகட்டும்."

"அவங்க அங்க மாட்டிகினு இருக்காங்க சார்."

"அதான் சொல்றேன். அவங்க வந்துட்டா நீங்க போகலாம்."

யுவராணி மூச்சை இழுத்து விட்டாள். வராந்தா ஓரங்குலம் அசைந்து நின்றது.

"பொதுப் பிரிவுல போட்டா நாலு மழைக்காலம் ஆகும்," என்றார் கோதண்டம். "முதல் படகோட்டிச் சான்று இருந்தா இன்னிக்கே. உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாரும் உல்லாசமா படகுல போனதில்லைன்னு நிரூபிக்கணும்."

இதில் யுவராணிக்குப் பழக்கம் உண்டு. வீட்டில் யாரிடமும் எதுவும் இருந்ததில்லை என்று நிரூபித்துத்தான் அவள் கல்லூரிக்கே போனாள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பா படிக்கவில்லை, தாத்தா படிக்கவில்லை, அத்தை படிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். செத்தவர்கள் படிக்கவில்லை என்பதற்கும் சாட்சி கேட்டார்கள். கொடுத்தாள். இல்லாமையைக் காட்டுவதென்றால் அவளுக்குத் தூக்கத்திலும் முடியும்.

அப்பா பெயரை எழுதினாள். காலமானார், பதினோரு வருஷம். உல்லாசம், இல்லை. அம்மா பெயரை எழுதினாள். உல்லாசம், இல்லை. யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது?

"நேர்ல விசாரிக்கணும்," என்றார் கோதண்டம்.

விசாரிக்கப் போகிறவர் நீர் நிர்வாக அலுவலர் பரந்தாமன். அவருக்கு வெள்ளை நிறத்தில் மோட்டார் படகு இருந்தது. ஏழு பேர் உட்காரலாம். அவரும் ஒரு கோப்பும் உட்கார்ந்தார்கள்.

"சார்," என்றாள் யுவராணி படித்துறையில் நின்று. "வரும்போது எங்கம்மாவையும் ஏத்திட்டு வந்துடுங்க சார். அவ்ளோதான் எனக்கு வேணும். அட்டையே வேணாம்."

"இது அரசுக் கலம்மா. விசாரணைக்கு மட்டும்தான். உல்லாசத்துக்கு ஆள் ஏத்தக் கூடாது."

"காப்பாத்தறது உல்லாசமா?"

பரந்தாமன் கோப்பைப் பிரித்துப் பார்த்தார். "நீங்கதானே டிக் போட்டிருக்கீங்க," என்றார்.

படகு போயிற்று. நாற்பது நிமிஷத்தில் திரும்பி வந்தது. அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. கீழே விழுந்த ஒன்றைத் தூக்கி வந்தவரைப் போல் கோப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தகவல் தப்பு," என்றார். "அவங்க போயிருக்காங்க."

வாக்குமூலத்தை யுவராணியிடம் கொடுத்தார். இப்படி இருந்தது.

அமுலு ஆகிய நான் கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் என் வீட்டுக்காரருடன் ஏலகிரி போனேன். அவர் வேலை செய்த லாரி அங்கே போயிற்று, என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டார்கள். அங்கே ஏரியில் அன்னப்பறவை மாதிரி ஒரு போட்டு. காலால் மிதிக்க வேண்டும். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு மிதிக்கத் தெரியாததால் போட்டு ஒரே இடத்தில் சுற்றியது. அவர் திட்டவில்லை. சேலை நனைந்தது. நான் சிரித்தேன். அரை மணி நேரம். இது என் மனசார சொன்னது, படித்துக் காட்டக் கேட்டுச் சரி என்றேன்.

கீழே பெருவிரல் ரேகை.

யுவராணி இரண்டு தடவை படித்தாள். அம்மா சிரித்த விஷயம் அவளுக்கு அரசாங்கம் மூலமாகத்தான் தெரிந்தது.

"ரெண்டாம் தலைமுறைப் படகோட்டி," என்றார் கோதண்டம், மனுவின் மேல் எழுதியபடி. "பொதுப் பிரிவு."

யுவராணி வராந்தாவைவிட்டு வெளியே போய் போன் போட்டாள். உள்ளே கத்த முடியாது.

"ஏம்மா அவங்ககிட்ட அதச் சொன்ன?"

"மொதல்லியே போட்ல போன அனுபவம் கீதுன்னா ஒடனே குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன்டி. நீ வேலைக்குப் போனா முன்அனுபவம் கீதான்னு தான கேக்கறான்?"

யுவராணி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"தப்பா சொல்லிட்டனா?"

"இல்லமா. எங்கிட்ட சொன்னதே இல்லியே நீ."

"நீ கேட்டதே இல்லியே. அந்த சாரு நின்னுகினே கேட்டாரு பாவம். ஒக்கார வைக்கலாம்னா நாற்காலி மெதக்குது. ஒரு டீத்தண்ணி குடுக்க முடியல. அவ்ளோ நேரம் என்னாண்ட யாரும் எதுவும் கேட்டதில்லடி."

"தண்ணி உள்ள வந்துடுச்சா?"

"கட்டில் மேல நின்னுகினு கீறேன்."

"படிக்கட்டுக்குப் போ. மேல ஏறு. நான் வரேன்."

"அட்ட?"

"வாங்கிட்டு வரேன், வையி."

திரும்பி வந்தபோது கோதண்டம் விசிலை எடுத்து ஐந்து முறை குட்டையாக ஊதினார்.

"என்ன சார்?"

"ஐந்து குட்டை ஊதல்னா என்ன? பரீட்சையில வரும்."

"ஆபத்து."

"இன்னொரு அர்த்தமும் இருக்கு. உங்கள் நோக்கம் எனக்குப் புரியவில்லை." அவர் அவளையே பார்த்தார். "போகணும்னா போகறதுக்கு ஒரு வழி இருக்கு. நீக்கப் படிவம். அந்த அரை மணி நேரத்தை ரெக்கார்டுலேர்ந்து எடுத்துடலாம். வாரிசு கையெழுத்து போதும்."

"எடுத்தா என்ன ஆகும்?"

"இருக்காது."

"காகிதத்துலயா?"

"வேற எங்க இருக்கு அது?"

யுவராணி போனைக் கையில் எடுத்தாள். அம்மாவைக் கேட்டால் சரி என்றுதான் சொல்லுவாள். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித்தான் அவள் லாரியில் ஏறினாள். இதற்கும் சரி என்பாள், நீ பதறாத என்பாள், சாப்பிட்டாயா என்பாள். யுவராணி கேட்கவில்லை. போனை உள்ளே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று எழுதினாள். அது பழக்கதோஷம்.

"எவ்வளவு நேரமாகும் சார்?"

"அரை மணி நேரம்தானே? அரை மணி நேரம் ஆகும்."

கோதண்டம் வெள்ளை மைப் புட்டியைத் திறந்தார். நிதானமான ஆள். முதலில் ஏலகிரி போயிற்று. பிறகு லாரி. பிறகு அன்னப்பறவையின் கழுத்து, அப்புறம் உடம்பு. வீட்டுக்காரர் இடது பக்கத்திலிருந்து போனார். திட்டவில்லை என்ற இடத்தில் கோதண்டம் கொஞ்சம் நின்று மை காயட்டும் என்று ஊதினார். சிரித்தேன் என்ற சொல் மட்டும் முதல் பூச்சில் மறையவில்லை. இரண்டாவது பூச்சு போட்டார். மூன்றாவதும் போட்டார்.

"பிடிவாதம்," என்றார்.

பரீட்சை வாய்மொழியாக நடந்தது. எதிரும் புதிருமாக இரண்டு படகு வந்தால் யார் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று கேட்டார். அவரவர் வலப்பக்கம் என்றாள். ஒருவர் தண்ணீரில் விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு என்று அவர் கேட்கவில்லை.

அட்டை வந்தது. தண்ணீர் புகாத உறை போட்டிருந்தது. படத்தில் யுவராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சிரிக்கலையே சார்."

"அத நாங்களே போட்டுக்குவோம்."

படித்துறையில் எத்திராஜ் மட்டும்தான் கட்டிக் கிடந்தார்.

"வேற படகு இல்லியாண்ணா?"

"இருந்தா நீ ஏறிடுவியா? வாமா. காலப் பாத்து வை, வயித்துல மெதிக்காத."

யுவராணி ஏறி உட்கார்ந்தாள். அவர் அகலமாக இருந்தார். உள்ளே இரண்டு பேருக்கு இடமிருந்தது. யாரோ துடுப்பைக் கொடுத்தார்கள்.

"மெதுவா போடு. விலாவுல இடிக்குது."

"சாரிணா."

"பரவால்ல. முப்பது வருஷம் நான் சவாரி ஏத்தினேன். இப்போ நானே வண்டி."

ஏரியில் கூட்டம். அட்டை வாங்கிய குடும்பங்கள் ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்து மாடியைச் சுற்றி வந்தார்கள். கரையோரப் பேருந்து நிறுத்தத்தின் கூரையில் கால் வைத்துப் படம் எடுத்தார்கள். பிளாக்குகளின் ஜன்னலில் மூன்று வருஷமாகக் காய்கிற துணியைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். தொப்பி போட்ட ஒருவர் துடுப்பை நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் பார்க்க என்னங்க இருக்கு?"

"எங்க அம்மா," என்றாள் யுவராணி.

"எத்தனை மணி வரைக்கும்?"

அவள் வலப்பக்கம் விலகிப் போனாள்.

பதினேழாம் பிளாக்கில் மூன்றாவது மாடி ஜன்னலின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. எத்திராஜ் வயிற்றை எக்கிக்கொண்டார். உள்ளே நுழைந்தார்கள். கட்டில் மிதந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. வாசல் வழியாகப் படிக்கட்டுக்குப் போனார்கள்.

அமுலு நான்காவது மாடிக்குப் போகிற படியில் நின்றிருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். இடுப்பில் ஒரு பை. தண்ணீர் அவளுக்கு ஒரு படி கீழே இருந்தது.

"எத்திராஜா அது? நல்லா கீறியாடா?"

"கீறேன்கா. ஏறுக்கா, ஏறு."

"இதுலயா?"

"இதுலதாம்மா. வா, கையக் குடு," என்றாள் யுவராணி.

அமுலு கையைக் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போட்ல ஏறினதே இல்லியேடி. எனக்குப் பயம்."

"ஏறியிருக்க மா. ஏலகிரில. அப்பாவோட."

"எந்த ஏலகிரி?"

"அன்னப்பறவ போட்டு. நீங்க ரெண்டு பேரும் மிதிச்சீங்க. நீ சொன்னமா. இன்னிக்குக் காலைலதான் சொன்ன."

"ஒங்கப்பன் என்னிக்குடி என்ன எங்கனா கூட்டிகினு போனான்?" அவள் முகத்தில் பொய் இல்லை. தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காத முகம். "லாரியில ஏத்தினானுங்களே, அதுதான் நான் போன ஒரே ஊரு."

தண்ணீர் ஒரு படி ஏறியது. எத்திராஜ் ஒரு படி உயர்ந்தார். அமுலு ஒரு படி பின்வாங்கினாள்.

யுவராணி எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எத்திராஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தண்ணீர் உள்ளே வந்தது.

"இழுக்காதமா, கவுந்துடுவேன்," என்றார். "அவங்களா ஏறணும்."

கையை விட்டாள். தண்ணீர் இன்னொரு படி ஏறியது.

"ஏலகிரில ஒரு ஏரிமா," என்றாள் யுவராணி. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "கல்யாணம் ஆயி மூணாவது மாசம். லாரியில முன்னாடி ஒக்காந்து போனாங்க."

"யாரு?"

"ஒரு பொண்ணும் அவ வீட்டுக்காரரும்."

அமுலு அந்தப் படியில் நின்றாள். "அப்புறம்?"

"போட்ல ஏறினாங்க. அவளுக்கு மிதிக்கத் தெரியல. போட்டு ஒரே எடத்துல சுத்திச்சு."

"திட்டியிருப்பானே."

"திட்டல."

"அட." அமுலு இன்னொரு படி ஏறினாள், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல். "நல்லவன்தான் போல. அப்புறம்?"

"சேலை நனைஞ்சுது. அவ சிரிச்சா."

"சிரிப்பாதான். குடுத்து வச்சவ."

"நீதாம்மா அது."

"போடி," என்றாள் அமுலு. முகம் கொஞ்சம் வெட்கப்பட்டது, யாரோ தப்பான வீட்டுக்குத் தாம்பூலம் வைத்துவிட்டதைப் போல. பிறகு, "இன்னொரு தபா சொல்லு," என்றாள்.

யுவராணி மறுபடி சொன்னாள். நான்காவது மாடி போயிற்று. ஒவ்வொரு தடவையும் அமுலு அதே இடத்தில் அட என்றாள். ஐந்தாவது மாடியில் எத்திராஜும் சேர்ந்துகொண்டு, அக்கா, நான் கூட அந்த ஏரியாண்ட ஒரு தபா சவாரி போனேன் என்று பொய் சொன்னார். அமுலு அவரை நம்பினாள். அவளையே அவள் நம்பவில்லை. ஆறாவது மாடியில் யுவராணிக்குக் குரல் கட்டியது. ஏழாவது மாடியில் யுவராணி துடுப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டியபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கால் விரல் அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒவ்வொரு படியிலும் அதே ஒரு சாண்.

கட்டடம் எட்டு மாடி. எட்டாவது மாடிக்கு மேல் படி கிடையாது. அதற்கு மேல் அம்மா எங்கே போவாள், ஏறித்தானே ஆக வேண்டும் என்று யுவராணி நினைத்திருந்தாள்.

எட்டாவது மாடி வந்தது. மேலே படி இருந்தது. அம்மா ஏறினாள்.